இடைவெளியில் நின்றுபோன செய்தி

புளியங்குளம் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சிறிய குளத்தின் கரைக்கட்டின் மேல் நான் செய்த பெட்டி இருக்கிறது. கட்டுக்குக் கீழே எட்டு வீடுகள். அதில் ஒன்று என் தங்கையுடையது. தண்ணீர் குறிக்கல்லைத் தொட்டால் பெட்டி எல்லாக் கைத்தொலைபேசிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பும். ஆபத்தில்லாத நாட்களில் பின்னேரம் ஆறு மணிக்கு, "வெள்ளம் இல்லை. பெட்டி வேலை செய்கிறது." என்று ஒரு செய்தி மட்டும் போகும்.

உள்ளே இருப்பது பழைய எட்டு பிட் சிப். அதற்கான நிரலை அசெம்பிளி மொழியில்தான் எழுதினேன். அந்தச் சிப்புக்கு வசனம் என்றால் என்னவென்று தெரியாது. முதல் எழுத்து இருக்கும் இடத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு பைட்டாக எடுத்து அனுப்பிக்கொண்டே போகும். பூச்சியத்தைக் கண்டால் நிற்கும். அந்தப் பூச்சியத்தைக் கடைசியில் நான்தான் வைக்க வேண்டும்.

முதலில் செய்திகளை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தேன். தங்கை விடவில்லை.

"அண்ணை, தமிழில போடுங்கோ. இங்கிலீசு எழுத்தைக் கூட்டி வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நாங்கள் தண்ணிக்க தாண்டு போவம்."

மாற்றினேன். தமிழ் எழுத்துக்கு இரண்டு பைட்டுகள் வேண்டும். அதற்கேற்ப அனுப்பும் பகுதியைத் திருத்தி, "வணக்கம்" என்று அனுப்பிப் பார்த்தேன். முழுதாக வந்தது. 'சோதித்தேன், சரி' என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

இரண்டு நாளாகப் பெய்த மழை மறுநாளும் விடவில்லை. நான் நெளுக்குளத்தில் என் வீட்டில் இருந்தேன். சரியாக ஆறு மணிக்கு என் தொலைபேசிக்கும் செய்தி வந்தது.

"வெள்ளம்"

அவ்வளவுதான். உண்மையிலேயே வெள்ளம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நேரத்தைப் பார்த்தேன். எச்சரிக்கை 'வெள்ளம்' என்று தொடங்குவதில்லை. இது ஆறு மணிச் செய்தி. மிச்சம் எங்கே போனது என்று அப்போதுதான் உறைத்தது. தமிழ் எழுத்தின் இரண்டு பைட்டுகளில் எதுவும் பூச்சியமாக வராது. சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கோ முதல் பைட்டே பூச்சியம். சிப் அதை முடிவு என்று எடுத்துக்கொண்டது. வணக்கத்தில் இடைவெளி இருக்கவில்லை.

தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். 6.02, 6.04, 6.07. பதில் இல்லை. அவளுடைய கணவர் கொழும்பில் வேலை. நாலு வயது மகளோடு தனியே இருக்கிறாள். அங்கே மேடு என்றால் குளக்கட்டுதான். வீட்டுக்கும் அதற்கும் நடுவே வாய்க்கால்; மேலே ஒரு பனங்குத்திதான் பாலம். அந்த மழையில் அது வழுக்கும். இல்லாத வெள்ளத்துக்குப் பயந்து அவள் இருக்கிற தண்ணீரில் இறங்கியிருப்பாள்.

6.11க்கு எடுத்தாள். மூச்சு வாங்கியது. பிள்ளை அழுதுகொண்டிருந்தாள்.

"குளக்கட்டில ஏறிட்டம். எட்டு வீட்டு ஆக்களும் நிக்கினம். பிள்ளையின்ர ஒரு செருப்பு வாய்க்காலோட போயிட்டுது. எவ்வளவு தண்ணி வருது அண்ணை?"

"வெள்ளம் இல்லை எண்டுதான் அனுப்பினது. மிச்சம் வரேல்லை. என்ர பிழை."

அவள் அதை அப்படியே பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னாள்.

"நல்ல பெட்டி. அப்ப உண்மையாக் குளம் நிரம்பினால் என்ன வரும்?"

எச்சரிக்கையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'குளம் நிரம்பிவிட்டது. உடனே மேட்டுக்குப் போகவும்.' முதல் இடைவெளி முதல் சொல்லுக்குப் பின்னாலேயே இருந்தது.

"குளம் எண்டு மட்டும் வரும்."

"குளம் கிடக்கிறது எங்களுக்குத் தெரியும், அண்ணை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "குறிக்கல்லைப் பார். எவ்வளவு மிச்சம்?"

"நாலு விரல்."

"ஒருத்தரும் கீழ இறங்க வேண்டாம். நான் வாறன்."

மடிக்கணினியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். குளக்கட்டில் ஒருவர் குடை பிடிக்க, ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அதன் பைட்டுகளின் எண்ணிக்கையை வைத்தேன். இனிச் சிப் பூச்சியத்தைத் தேடாது. எண்ணி முடித்த பிறகே நிற்கும். எண்ணிக்கையை மூன்று முறை சரிபார்த்தேன். அதற்குள் தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தது.

இந்த முறை எச்சரிக்கையையே அனுப்பிப் பார்த்தேன். தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. தங்கை உரத்து வாசித்தாள்.

"குளம் நிரம்பிவிட்டது. உடனே மேட்டுக்குப் போகவும்." திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். "புள்ளியும் வந்திருக்கு."

பிள்ளையைத் தூக்கி என்னிடம் தந்தாள். வீட்டிலிருந்து ஓடி வரும்போது எடுத்த, அடையாள அட்டையும் காணி உறுதிப் பத்திரமும் இருந்த பையை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை.