குகதாசனின் ஆடுகள் செம்மறி அல்ல

என் மருமகன் குகதாசன் ஒஸ்லோவில் பதினெட்டு வருடம் பஸ் கழுவினவர். அந்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகளும் பேத்தியும் அதில்தான் சாப்பிட்டார்கள். திடீரென்று ஒருநாள், நாங்கள் இருக்கிற ரொம்மனில் இருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், செம்மறி வளர்க்கிற மார்க்கஸ் என்ற நோர்வேக்காரக் கமக்காரரின் பழைய கொட்டிலை வாடகைக்கு எடுத்து, வெள்ளாடு வளர்க்கப் போகிறேன் என்றார். விசர் பிடித்துவிட்டதோ என்று கேட்டேன். கேட்கவில்லை. இறைச்சிக்கு விற்கிற ஆட்டுக்கும் பெயர் வைக்கிற மனிதரை அங்கேதான் கண்டேன்.

பிறகு கொரோனா வந்தது. கலியாணம் இல்லை, பிறந்தநாள் இல்லை, மண்டபங்கள் பூட்டு. எங்களிடம் இறைச்சி வாங்குகிற, ஒஸ்லோ குறொன்லாண்டுக் கடைக்காரரும், "இப்ப வேண்டாம் அண்ணை" என்றுவிட்டார். ஆடுகள் விற்கவில்லை, தீவனம் மட்டும் குறைந்துகொண்டே போனது. கமக்காரருக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது என்று மார்க்கஸ் சொன்னார். அது கிடைக்காவிட்டால் பட்டியை விற்க வேண்டியதுதான்.

விண்ணப்பத்தைப் பேத்தி சாருகா வீட்டில் இருந்து நிரப்பினாள். தகப்பன் கொட்டிலில் நின்றார். போனில் கேட்டாள்.

"அப்பா, எத்தினை நிக்குது?"

"அறுபத்திரண்டு ஆடு."

அவள் இங்கே பிறந்த பிள்ளை, அதுவரை கொட்டில் பக்கம் போனதே இல்லை. சின்னதில் படப் புத்தகத்தில் பஞ்சுபோல நின்ற செம்மறியைக் காட்டி, "ஆடு" என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான். விண்ணப்பத்தில் செம்மறிக்கு ஒரு கட்டம், வெள்ளாட்டுக்கு ஒரு கட்டம். செம்மறிக் கட்டத்தில் அறுபத்திரண்டு என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

சம்மதக் கடிதம் வந்தது. வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குக் காசும் கூடுதல். குகதாசன் அதை மூன்று தரம் வாசித்தார்.

"பிள்ளை, என்ன எழுதினனி?"

"ஆடு எண்டுதானே சொன்னீங்கள்?"

"செம்மறி எண்டால் செம்மறி எண்டெல்லோ சொல்லியிருப்பன்!"

"அம்மம்மா எனக்கு அப்பிடிச் சொல்லித் தரேல்லை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

யாராவது பார்க்க வந்தால் தன் செம்மறிகளை ஒருநாள் கொட்டிலில் விடுவதாக மார்க்கஸ் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"தம்பி, நாங்கள் வேணுமெண்டு பொய் சொல்லேல்லையே. பேசாமல் வாங்குங்கோ."

"மாமி, இப்ப தெரிஞ்சிட்டுது. இனிப் பேசாமல் இருந்தால் பொய்தான். அதோடை, என்ரை ஆடுகளைப் போய்ச் செம்மறி எண்டு நான் ஒப்புக்கொள்ளுறதோ?"

அவரே நிவாரண அலுவலகத்துக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னார். லீசா என்ற அதிகாரி வந்து எண்ணினார். குகதாசன் ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியதில் அந்தப் பெண்ணுக்கு எண்ணிக்கை தவறி, முதலில் இருந்து எண்ண வேண்டி வந்தது. சாருகா விளக்கியதும், "இரண்டுக்கும் ஒரே சொல்லா?" என்று சிரித்துவிட்டு, கட்டத்தை மாற்றி எழுதினார்.

வெள்ளாட்டுக் காசுதான் வந்தது. ஆடுகள் தப்பின, தீவனத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதை மார்க்கஸ் கொடுத்தார், தன் மந்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சில். ஆக, என் மருமகன் இப்போது செம்மறியும் மேய்க்கிறார்!

"வந்த காசை வாங்கியிருக்கலாம்" என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். அவர், "ஓம் மாமி" என்று சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொதி கேட்பார். நானும் ஊற்றுவேன்.