பதிமூன்று யூனிட்

என் அம்மா பரிபூரணம் ஒரு மாதத்தில் செலவழித்த மின்சாரம் பதிமூன்று யூனிட். அவள் காசு கட்டியது ஐம்பத்தெட்டு யூனிட்டுக்கு. இதை நான் கண்டுபிடித்தது அவள் இறந்த பதினேழாம் நாள்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருடம், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தாள். மெஷினில் ஒரு கவுண்டர் உண்டு. அது காட்டுவதுதான் அன்றைய உற்பத்தி, அதை வைத்துத்தான் கூலி. எண் குறைந்தால் மெஷினை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், நின்றவளைத்தான் திட்டுவார்கள். எண் காட்டும் எதையும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று அவள் கற்றது அங்கேதான்.

அந்தக் கூலியில் என்னை எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படிக்க வைத்தாள். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் மோட்டார் சோதிக்கிறேன்.

அவளுடைய பென்ஷன் மாதம் ஆயிரத்து எண்ணூறு. நான் அனுப்பிய பணத்தை என் பெயரிலேயே போஸ்டாபீஸில் போட்டு வைத்தாள். குடியிருந்தது ஐந்து வீடுகள் கொண்ட ஒரு வளவில், முதல் வீடு. வளவுக்காரர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி. மின் இணைப்பு அவர் பெயரில். வீட்டுக்கு ஒரு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று ஐந்தாம் தேதி வாடகையோடு வாங்கிவிடுவார். அரசு தரும் இலவச யூனிட்டுகள் அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் மீட்டர் நாற்பதிலிருந்து எண்பத்தைந்துக்குத் தாவியது. போனில் சொன்னாள்.

"ஒரு ஃபேன், ஒரு லைட்டு, ஒரு டிவி. எம்பத்தஞ்சு எப்படிம்மா வரும்?"

"மீட்டர் காட்டுதுல்ல. நாந்தான் எதையோ அணைக்காம விட்டிருப்பேன்."

"மறந்து மறந்து விடுற. கொஞ்சம் பாத்து ஓட்டு."

அதைச் சொன்னது நான்தான். மின்சாரம் படித்தவள். பொங்கலுக்கு இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் மீட்டர் பக்கம் போகவில்லை.

அவள் பார்த்து ஓட்டினாள். கேபிளை நிறுத்தி டிவியைத் துணி போட்டு மூடினாள். ஃபேனைப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து மூன்றாகக் குறைத்தாள். மீட்டர் ஐம்பத்தெட்டுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

அண்ணாச்சி ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் மீட்டரைப் பார்த்துவிட்டு வளவுக்கே கேட்கிறமாதிரி சொல்வாராம். "ஒத்த மனுசி. கரண்டச் சோறாத் திங்குதா என்ன?"

அதற்காகவே அம்மா பகல் முழுக்கக் கதவைத் திறந்து வைத்தாள். ஃபேன் ஓடவில்லை என்பதைப் போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று.

வெயில் தாங்காத நாட்களில் இன்னொன்று செய்தாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் மதியம் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவாள். அதே பஸ்ஸில் திரும்புவாள். கண்டக்டர் வைகுண்டராஜுக்குப் பழகிவிட்டது.

"ஆச்சி, வில்லிபுத்தூர்ல தெனமும் என்ன சோலி?"

"காத்து வாங்க வாரேன்யா. ஒங்க பஸ்ல மீட்டர் இல்லல்லா."

இதை என்னிடம் அவளே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சித்திரை கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவளுக்குக் கால் வலி. பஸ்ஸுக்குப் போகவில்லை. வீட்டில் படுத்தாள். கதவு திறந்தே கிடந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து நான்கு பேர் கடந்து போயிருக்கிறார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி அக்கா தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. டாக்டர் இதயம் என்று எழுதினார். ஃபேன் ஸ்விட்ச் அணைத்தே இருந்தது என்பதை யாரும் எங்கும் எழுதவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் வீட்டைக் காலி செய்தேன். ஃபேனைக் கழற்ற மெயின் ஸ்விட்சை இறக்கினேன். வெளியே சத்தம்.

"யாரு மோட்டார நிப்பாட்டுனது? பாதிக் கொடம்தான் நெறஞ்சிருக்கு!"

மெயினைத் தூக்கினேன். மோட்டார் ஓடியது. இறக்கினேன். நின்றது.

வெளியே போய்ப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா வீட்டுச் சுவரை ஒட்டி அண்ணாச்சி போட்ட போர்வெல். அதன் மோட்டாருக்கு வயர் அம்மாவின் சப் மீட்டர் வழியாகத்தான் போகிறது. ஒரு குதிரைத் திறன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். மாதம் நாற்பத்தைந்து யூனிட். ஐம்பத்தெட்டில் அதைக் கழித்தேன்.

அண்ணாச்சி அட்வான்ஸ் கணக்குப் பார்க்க வந்தார். நான்கு வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்றிருந்தார்கள். நான் மூன்று முறை மெயினை ஏற்றி இறக்கிக் காட்டினேன்.

"ஒயர்மேன் பாத்த வேல தாயி. கிட்டத்துல இருந்து எடுத்துட்டான். எனக்கென்ன தெரியும்?"

"போர் போட்ட பெறகும் மோட்டார் கரண்டுக்குன்னு ஒங்க கையில இருந்து ஒரு காசு போகலையே. ஏன்னு நீங்க கேக்கல?"

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு பையைத் திறந்தார். "பத்தாயிரத்து எண்ணூறுதான ஆவுது? இந்தா, பதினொண்ணா வச்சுக்கோ. முடிச்சிருவோம்."

நாற்பத்தைந்து யூனிட்டைப் பத்து ரூபாயாலும் இருபத்து நான்கு மாதத்தாலும் என்னைவிட வேகமாகப் பெருக்கிவிட்டார்.

"காசு இருக்கட்டும். எங்கம்மா கரண்டச் சோறாத் திங்கலன்னு இவிய முன்னால சொல்லுங்க."

"செத்துப்போனவளப் பத்தி இப்ப என்னத்துக்கு தாயி?"

"உயிரோட இருக்கையில மாசாமாசம் சொன்னீங்கள்ல?"

நோட்டை நீட்டிய கை அப்படியே இருந்தது. பணத்தைக் கொடுக்க அவருக்கு வலிக்கவில்லை. நான்கு பெண்கள் முன்னால் வாயைத் திறக்கத்தான் வலித்தது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவிய மேல தப்பில்ல" என்றார்.

"அண்ணாச்சி, வையும்போது தெரு முக்கு வரைக்கும் கேக்கும். இப்பவும் அம்புட்டுச் சத்தமாச் சொல்லுங்க" என்றாள் பாண்டிசெல்வி அக்கா.

மறுபடி சொன்னார். கேட்கிறமாதிரி.

பணத்தை வாங்கிக்கொண்டேன். அது அம்மாவின் காசு. பிறகு மெயினை இறக்கி, மோட்டார் வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றினேன்.

"ஏட்டி சித்ரா, தண்ணிக்கு என்ன செய்ய?" என்றாள் அக்கா.

"அண்ணாச்சி அவிய மீட்டர்ல இருந்து எடுத்துக் குடுக்கட்டும்."

அண்ணாச்சி ஒயர்மேனுக்குப் போன் போட்டார். அவன் வத்திராயிருப்பில் வேறு வேலையில் இருந்தான். சாயங்காலம்தான் வர முடியும் என்றான். அன்று பகல் முழுக்க வளவில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என்னிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. நால்வரும் காலிக் குடங்களை வரிசையாக அண்ணாச்சியின் பைக்கைச் சுற்றி வைத்துவிட்டு, அவரவர் வீட்டுக்குள் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டார்கள்.