எண்ணெய் என்று ஒரு வார்த்தை

போன வாரம் என் காரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. ஏற்காட்டில் இத்தனை வருஷமாக இருக்கிறேன்... இங்கே மனிதர்களைப் பார்த்துப் பயந்தது அன்றுதான்.

அண்ணன் மகள் நிவேதா ஜியாலஜியில் ஆராய்ச்சி செய்கிறாள். பாறை சேகரிக்க வந்தவள், "பேச்சுத்துணைக்கு வாங்க அத்தை" என்றாள். மாரமங்கலம் தாண்டி ஒரு வளைவில் காரை நிறுத்தினேன். அவள் இறங்கி, சுத்தியலால் பாறையைத் தட்ட ஆரம்பித்தாள். சுற்றிலும் காப்பித் தோட்டம், பனிமூட்டம். செல்போனில் டவர் இல்லை.

தோட்டத்திலிருந்து ஒருவர் ஏறி வந்தார்.

"ஏனுங்க, கல்லை எதுக்குங்க ஒடைக்கறீங்க?"

நிவேதாவுக்குப் பொய் சொல்ல வராது. "ஆராய்ச்சிங்க. பூமிக்கடியில எண்ணெய் இருக்கறது சம்பந்தமா..."

எண்ணெய்! அந்த ஒரு வார்த்தை போதாதா?

அவர் கையைக் குவித்துச் சரிவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிலர் கையில் செடி கழிக்கும் கவாத்துக் கத்தி. வேலையை அப்படியே விட்டு வந்தவர்கள், அவ்வளவுதான் — இது இன்றைக்குப் புரிகிறது. அன்று எனக்குக் கத்தி மட்டும்தான் தெரிந்தது. ஒருவர் ஜன்னல் வழியே கைவிட்டுக் கார் சாவியை உருவினார்.

"எங்க தோண்டப் போறீங்க? ஊட்டைக் காலி பண்ணோணுமா?"

"இந்த மலையில எண்ணெயே கிடையாதுங்க!" என்றாள் நிவேதா. பிறகு விளக்கினாள். மலை கரைந்து சேறாக ஓடி, கிழக்கே கடலோரம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அடியில் புதைந்த சேறு சரியான சூட்டில் வெந்தால்தான் எண்ணெய். சூடு குறைந்தால் எதுவும் வராது. மிஞ்சினால் எல்லாம் வாயுவாகிவிடும். இந்தப் பாறையின் பொடிப் படிகங்களில் பழைய சூட்டின் தடம் இருக்கிறது. அதைப் படித்தால் மலை எப்போது ஆறியது, எப்போது கரைந்தது, கிழக்கே எவ்வளவு சேறு சேர்ந்தது, அது எவ்வளவு சூடு கண்டது என்று கணக்கிடலாம்.

கூட்டத்துக்கு அதில் ஒன்று மட்டும் போதுமானதாக இருந்தது. இங்கே இல்லை! சாவி என் மடியில் விழுந்தது. "நொம்ப பயந்துட்டீங்களாட்டருக்குது... தப்பா நெனைக்காதீங்க" என்றார் சாவியை எடுத்தவர். நான் பெருமூச்சு விட்டேன். நிவேதா கல் மூட்டையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

அப்போது ஒரு பெண் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா என்று பெயர். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மனைவி.

"கிழக்கேன்னா எங்க கண்ணு? நாகப்பட்டினம் பக்கமா?"

"அந்தப் பக்கமும்தாங்க" என்றாள் நிவேதா.

"எங்கம்மா ஊடு அங்கதான். எண்ணெய்க் குழாய் ஒடைஞ்சு எங்க வயலே கருத்துப்போச்சு. தம்பி இன்னும் அந்த மண்ணைத்தான் சொரண்டிட்டிருக்கறான். மறுபடி தோண்டுவாங்களா?"

"நான் தோண்டறவ இல்லீங்க..."

"நீ இல்லை சாமி. நீ கண்டுபிடிச்சுச் சொன்னா, அவங்க தோண்டுவாங்களா?"

நிவேதா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். கடைசியில் அவள்தான் சொன்னாள்: "தோண்டலாங்க. எங்க தோண்டினா கிடைக்கும்னு சொல்ல இது உதவும்."

ஸ்டெல்லா திட்டவில்லை. ஜன்னலிலிருந்து கையை எடுத்தாள், அவ்வளவுதான். கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது. அவள் ஒருத்திதான் ரோட்டில் நின்றாள்.

நிவேதாவை ரயில் ஏற்றிவிடக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். அடிவாரம் வந்ததும் கேட்டாள்: "அத்தை, நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

"இல்லை" என்றேன். வேறு என்ன சொல்ல?

கத்தியைப் பார்த்த பயம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்ததும் போய்விட்டது. போகாமல் இருப்பது வேறொன்று... 'இங்கே இல்லை' என்று கேட்டதும், எவ்வளவு சுலபமாகப் பெருமூச்சு விட்டேன்!