பேனலுக்கு ஆகாத தூசி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்த நாட்களில், கோலார் தங்கவயலில் நந்திதுர்க் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. தங்கம் எடுத்த பிறகு அரைத்த கல்லை மாவாகக் கொட்டி வைத்த மலை. சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் அதை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். காற்றுக் காலத்தில் அந்த மாவு எழும்பி ஊர் முழுக்க இறங்கும். டம்ளரைக் கவிழ்த்து வைப்போம், துணியை உள்ளேயே உலர்த்துவோம், வாசற்படியில் ஈரச் சாக்கு போடுவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அதையேதான் செய்கிறேன். என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்து, கட்டிக்கொடுத்தும் அனுப்பிவிட்டேன்.

எனக்கு வீசிங் உண்டு. பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை பார்த்த காலத்தில் பகலெல்லாம் நன்றாக இருப்பேன். சாயங்காலம் ஊரில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் நெஞ்சில் விசில் ஊதும். டாக்டரோ தூசியில் போகாதீர்கள் என்று எழுதிக்கொடுத்தார். தூசியில் போகாமல் எங்கள் வீட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன், சிரித்தார். கடைசியில் வேலையை விட்டதுதான் மிச்சம். மருந்தைப் புகையாக்கி மூச்சில் இழுக்க வீட்டில் ஒரு நெபுலைசர் வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் கணவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வெல்டர். எதையாவது கழற்றி மாட்டாமல் இருக்கத் தெரியாத மனுஷர். அவருக்கு ஒரு யோசனை வந்தது. பூதிகோட்டை பக்கம் அவருடைய நண்பருக்குக் கேழ்வரகுக் காடு இருக்கிறது. காற்றுக் காலம் முடியும்வரை என்னை அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்றார். மாதக்கணக்கில் இன்னொருத்தர் வீட்டில் போய் எப்படி உட்காருவது என்று நான் மறுத்ததும், ஒரு நாள் பழைய ஜீப்பின் பின்னால் ஒரு சின்ன டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். சுற்றுலா போகிறவர்கள் பயன்படுத்தியது, இதைக் காட்டில் நிறுத்தி இதிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பு, அவ்வளவுதான். வெள்ளை வெளேர் என்று இருந்ததால், ஐஸ்கிரீம் விக்கப் போறீங்களா என்று தெருவே கிண்டல் பண்ணியது.

காட்டில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் நெபுலைசர் ஓடாது. அதனால் டிரெய்லர் கூரையில் சோலார் பேனல் வைப்பதென்று முடிவானது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார், முப்பது வயது இருக்கும், நல்ல வேலைக்காரர். கூரையில் ஓட்டை போட்டு அலுமினியக் கால்களைப் பொருத்தினார், ஓட்டையைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தார், பேனலை முடுக்கினார், ஒயரைக் கீழே இறக்கிப் படுக்கைக்கு அடியில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்தார். துளை போடும் சத்தத்துக்கு என் கணவர் தன் மண்டையிலேயே துளை போடுவதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். மறுநாள் பசை காய்ந்ததும் என்னை உள்ளே உட்காரவைத்து, மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஒழுகுதா ஒழுகுதா என்று கேட்டார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நெபுலைசரும் நன்றாக ஓடியது.

கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அவருக்கு லீவு கிடைக்கவில்லை, இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. டிரெய்லர் வாசலிலேயே நின்றது. காற்று அடித்தது, நடுவில் லேசாகத் தூறியது, மறுபடியும் காற்று அடித்தது.

ஒரு நாள் மத்தியானம், அவர் ஷிப்டில் இருந்தார். காற்றில் எங்கோ ஒயர் அறுந்து கரண்ட் போய்விட்டது. அதே நேரம் எனக்கு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் பம்பை வாயில் அடித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு டிரெய்லருக்குப் போனேன். அப்போதுகூட எனக்குப் பயம் இல்லை. இதற்காகத்தானே பேனல் வைத்திருக்கிறோம் என்று தைரியமாக சுவிட்சைப் போட்டேன். இன்வெர்ட்டர் கீச் கீச் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. மறுபடி போட்டேன், மறுபடியும் அணைந்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. டிரெய்லர் படியில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, ஐயோ இன்னாமா என்று ஓடிவந்தார். அவர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் பேயறைந்தவர்போல ஆகிவிட்டார். மீட்டரை வைத்துக்கொண்டு ஃபியூஸ், ஒயர், பேட்டரி முனை என்று ஒன்று விடாமல் சோதித்தார். ஏணி போட்டு மேலே ஏறி ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தார். நானும் ஏறிப் பார்த்தேன். பேட்டரி ஏறவில்லை என்று மீட்டர் சொன்னது, ஆனால் ஏன் என்று தேடினால் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அந்த பெங்களூர் ஆள் ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம், போனில் கூப்பிட்டும் திட்டினோம்.

பெங்களூர்க்காரர் வந்தார். மேலே ஏறினார். ஒரே ஒரு விரலை எடுத்து பேனலில் கோடு போட்டார்.

கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் வெள்ளை. தூறலில் நனைந்து, வெயிலில் காய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல ஒட்டிக்கிடந்தது. அதன் கீழே வெயில் எப்படிப் போகும், பேட்டரி எப்படி ஏறும்?

"இன்னா சார் இது! மேல ஏறிப் பாத்தேன்னு சொன்னீங்களே, இது கண்ணுக்குத் தெரியலியா?" என்று கேட்டார்.

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. போல்ட்டைப் பார்த்த மனுஷருக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கூரை அந்த நிறம், மதில் அந்த நிறம், முருங்கை இலை அந்த நிறம். பேனல் மட்டும் வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பெங்களூர்க்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார். படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பினார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல், தேனாகப் பேசியது. இந்தத் தூசி கண்ணாடியைக் கெடுத்துவிடுமாம், இப்படிப்பட்ட இடத்தில் பேனலைத் திறந்தபடி வைக்கவே கூடாதாம், வாரண்டி வேண்டுமென்றால் உடனே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமாம். தூசியில் என்ன இருக்கிறது என்று சோதிக்கக் கொஞ்சம் சுரண்டிப் பொட்டலம் கட்டி அனுப்பவும் சொன்னது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! அதற்கு முந்தின வருடம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து இதே தூசிக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். வெயிலில் காத்திருந்து உள்ளே போனால், காத்து அடிச்சா தூசி வரத்தானேம்மா செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த அதிகாரி. அவர் ஜன்னலில் கண்ணாடி இறுக்கமாக மூடியிருந்தது. யாரும் வந்து பார்க்கவில்லை, யாரும் ஒரு சிட்டிகை எடுத்துப் போகவில்லை. நேற்று வந்த பேனலுக்கு டீ ஆறுவதற்குள் நியாயம் கிடைத்துவிட்டது!

போனை பெங்களூர்க்காரர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"ஏம்மா, பேனலை மாத்தச் சொல்றியே, பேனலுக்குக் கீழ ஒரு பொம்பள கீறா. அவளை எங்க மாத்தறது?"

அதே தேன் குரலில், "மேடம், அது எங்க டிபார்ட்மென்ட்ல வராதுங்க" என்றது.

அந்தப் பெண்மேல் தப்பில்லை. சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது. ஆனால் நான் கத்திய கத்தலில் தெரு கூடிவிட்டது. உங்களுக்குக் கண்ணாடி தேயக் கூடாது, எங்கள் நெஞ்சு தேயலாமா என்று கேட்டேன். கத்திக் கத்தி மறுபடியும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. என் கணவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, வுடுமா, வுடுமா என்றார். அந்த பெங்களூர்க்காரர் தலைகுனிந்து நின்றார். கைக்குட்டையை மெதுவாக அவிழ்த்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அது மரியாதையா வெட்கமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்த நாளே என் கணவர் லீவு போட்டுவிட்டு, டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு என்னைப் பூதிகோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அங்கே நெபுலைசரைத் தொடவே இல்லை. பேனல் தண்டமாக வெயில் காய்ந்தது. நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருக்க வேண்டும்தானே? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடம் என் உடம்புதான் சரியில்லை என்று நினைத்திருந்தேனே! எதிர்வீட்டு அக்காவுக்கு டிரெய்லர் இல்லை. அவர் அங்கேயேதான் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

பெங்களூர்க்காரர் சுரண்டிக் கொண்டுபோன அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் கணவர் பேனலுக்கு அளவெடுத்து ஒரு உறை தைத்துவிட்டார். ஊரில் நிற்கும்போது அதற்குப் போர்த்திவிடுகிறார். இந்த வருடமும் ஆடிக் காற்று தொடங்கியதும் நானும் அக்காவும் இன்னும் சில பேரும் அதே அலுவலகத்துக்குப் போனோம். இந்த முறை மனுவோடு, எங்கள் வாசலில் சுரண்டிய தூசியையும் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தோம். பதில் வரவில்லை, மறுபடியும் போவோம். ஏன் இவ்வளவு கோபம், உடம்புக்கு ஆகாதே என்று மகள் போனில் சொல்கிறாள். இந்தக் கோபம் ஆறிப்போனால் அந்தத் தூசி மறுபடியும் என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமே என்பதுதான் என் பயம்.