கலப்பு முஷி கிடந்த கயம்

அளியன் அந்த மீனைக் கண்டதாகச் சொன்னபோது சாயக்கடையில் இருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்காமல் சாயாவைக் குடித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அளியன் என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நாங்கள் கடற்கரைக்காரர்கள், கத்தோலிக்கர்கள், அப்பா வள்ளக்காரர். அளியன் செங்கல் என்கிற ஊர்ப் பக்கம், பழைய புராட்டஸ்டன்ட் மிஷன் சபைக் குடும்பம். அக்கா அவரோடு போனதும் இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். இருவரும் அம்பூரி மலையடியில் வாடகை வீடு எடுத்து, அவர் ரப்பர் வெட்டப் போனார். கொஞ்ச நாளில் நானும் போய்ச் சேர்ந்தேன். பாசத்தில் போனேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உள்ளது என்னவென்றால் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் ஏறினால் குடலே வாய்க்கு வந்துவிடும். கடற்கரையில் பிறந்த ஆணுக்கு அதைவிட மானக்கேடு வேறு இல்லை.

மலையில் எனக்குக் கிடைத்தது துருசு அடிக்கும் வேலை. மழைக்கு முன்னால், சித்திரை வைகாசியில், இலை அழுகி உதிராமல் இருக்க ரப்பர் மரங்களுக்கு மருந்து அடிப்பார்கள். துருசு என்பது நீல நிறக் கல் உப்பு. அதைப் பீப்பாயில் கரைத்து, சுண்ணாம்பு நீர் சேர்த்து, பம்பு வைத்து மரத்தின் உச்சிவரை பீய்ச்ச வேண்டும். அந்த இரண்டு மாதமும் என் நகம், சட்டை, தலைமயிர் எல்லாம் நீலமாக இருக்கும். அக்கா என் துணியைத் தனியாகத்தான் துவைப்பாள்.

இனி மீன். எங்கள் ஓடைகளில் முஷி உண்டு. செதில் இல்லாத, மீசை வைத்த கறுத்த மீன். சேற்றில் கிடக்கும், தண்ணீர் வற்றினாலும் மேலே வந்து காற்றைக் குடித்து உயிர் பிழைக்கும். நாட்டு முஷி ஒரு முழம் இருந்தாலே பெரிது. தொண்ணூறுகளில் ஆளாளுக்குக் குளம் வெட்டி ஆப்பிரிக்க முஷியை வளர்க்க ஆரம்பித்தார்கள். கோழிக்கடைக் குடலைத் தின்று அது தொடைத் தண்டிக்கு வளரும். மழையில் குளம் நிறைந்து வழிந்தபோது ஓடைக்கும் வந்து சேர்ந்தது.

அளியன் கண்டது இரண்டும் அல்லாத ஒன்று. உடம்பெல்லாம் ஆப்பிரிக்க முஷியின் சாம்பல் திட்டுகள். ஆனால் விலாவில் நாட்டு முஷிக்கு உள்ள வெள்ளைப் புள்ளி வரிசை, தலையும் நாட்டு முஷியின் சின்னத் தலை. தோட்டத்துக்குக் கீழே ஓடை வளைகிற இடத்தில், பாறைக்கு அடியில் ஆழமாக ஒரு குழி உண்டு. அந்தக் கயத்தில் அது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போனதை இரண்டு தடவை கண்டதாகச் சொன்னார்.

"சொப்பனத்துல கண்டிருப்பீரு," என்றார் சாயக்கடைக்காரர்.

"கலப்புக் குடும்பத்துக்குக் கலப்பு மீனாக்கும் கண்ணுல படும்," என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். அளியனும் சேர்ந்து சிரித்தார்.

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாடம் எடுக்கிற குரலில் சொன்னார். "ரெண்டு சாதி மீனு சேந்து ஒண்ணு பிறந்துதுன்னே வையும். அதுக்க வயித்துல முட்டை பிடிக்காது. கலப்பு அத்தோட தீந்துபோவும், கேட்டீரா."

யாரும் அளியன் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. நான் கையிலிருந்த தம்ளரைப் பெஞ்சில் ஓங்கி வைத்தேன். உடைந்தது. அதற்குக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டவர் அளியன்.

அன்றையிலிருந்து அவருக்கு அந்த மீன்தான் குறி. ரப்பர் வெட்டி, பாலெடுத்து, ஷீட் அடித்து முடிக்க மத்தியானம் ஆகும். கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூண்டிலோடு கயத்துக்குப் போய்விடுவார். இரண்டு வருடம் அப்படி. தடவிப் பார்த்து, வயிற்றில் முட்டை இருந்தால் நாட்டு முஷியைக்கூடத் திரும்ப விட்டுவிடுவார். தூண்டில் முள் குத்திய உதட்டை விரலால் நீவிவிட்டுத்தான் விடுவார். எனக்கு எரிச்சலாக வரும். கறிக்கு மீன் இல்லாத வீட்டில் இதென்ன கருணை என்று நினைப்பேன்.

ஓடையில் துருசு கலக்கி மீன் பிடிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. கொஞ்சம் கரைத்து ஊற்றினால் போதும், எல்லாம் செத்து மிதக்கும். பரமசாதுவான அளியன் ஒரே ஒருவனைத்தான் வாழ்நாளில் அடித்திருக்கிறார். அவன் துருசு கலக்கியவன். சட்டையைப் பிடித்துத் தண்ணீரிலேயே தள்ளினார்.

"ஒரு கறிக்கு வேண்டி ஓடைக்க வம்சத்தையே அறுக்குதானுவ," என்றார் வீட்டுக்கு வந்து. பிறகு என் நீல நகங்களைப் பார்த்தார். "நீ மரத்துக்கு அடிக்கது வேலை. அது வேற. ஓடைப் பக்கம் அதைக் கொண்டுபோகாத மக்கா."

போகமாட்டேன் என்றேன்.

ஒரு தடவை அந்த மீன் அவர் தூண்டிலில் சிக்கியது. கரைவரை இழுத்துவிட்டு என்னைக் கூவி அழைத்தார். நான் ஓடிப்போவதற்குள் தூண்டில் நரம்பு அறுந்தது. நான் கண்டது சேற்றில் அடித்த ஒரு வாலை மட்டும். அன்றைக்கு நான் நம்பினேன். சாயக்கடையில் சொன்னேன், அளியனும் அளியனும் சேர்ந்து கதை விடுகிறார்கள் என்றார்கள்.

அதற்கடுத்த வருடம் அவருக்குக் கண் மஞ்சளாயிற்று. சாதாரணக் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்தோம். வயிறு வீங்க ஆரம்பித்த பிறகுதான் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைந்தோம். ஈரல் போய்விட்டது என்றார்கள். ஒரு துளி சாராயம் குடித்தறியாத மனிதருக்கு. சித்திரை பாதியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

கட்டிலில் சாய்ந்திருந்தபடி ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"அளியா, அதுல ஒண்ணைப் பிடிச்சுக் காட்டுவியா?"

"காட்டுதேன்."

"முட்டை உண்டான்னு பாத்தாப் போதும். இது முட்டை பிடிக்குத மாசமாக்கும். பாத்துட்டு விட்டுரலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, அக்கா அடுக்களையில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு சொன்னார். "உனக்க அக்கா அந்த வாத்தியாரு சொன்னதை இப்பவும் மனசுல வச்சிட்டு இருக்கா. எனக்கிட்ட சொல்லமாட்டா. எனக்குத் தெரியும்."

வேலை முடிந்து பத்து நாள் போய் உட்கார்ந்தேன். மண்புழு, கோழிக்குடல், தவளைக்குஞ்சு எல்லாம் மாட்டிப் பார்த்தேன். பரல் மீன் வந்தது, நண்டு வந்தது. அந்தச் சவத்து முஷி மட்டும் வரவில்லை. வெயிலில் ஓடை வற்றி, கயத்தில்தான் தண்ணீர் கிடந்தது, அதிலிருந்து கீழே நூலாகக் கசிந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிறது என்று தெரியும், ஏனென்றால் நடுநடுவே பெரிய குமிழி வரும். வீட்டுக்குத் திரும்பினால் அளியன் என் கையைத்தான் முதலில் பார்ப்பார். பதினோராம் நாள் அவர் கஞ்சியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று எனக்குக் கயத்துக்கு நேர் மேலே உள்ள சரிவில் வேலை. மத்தியானச் சோற்றுக்கு மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் தூண்டிலோடு இறங்கினேன். போட்ட உடனே கனமாக ஒன்று இழுத்தது. நரம்பு அறுந்தது. நான் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினேன். கையில் இருந்த கம்பைப் பாறையில் அடித்து முறித்தேன். பிறகு மேலே ஏறிப்போய், சுண்ணாம்பு சேர்க்காமல் கரைத்து வைத்திருந்த துருசை இரண்டு வாளியில் எடுத்து வந்து ஊற்றினேன்.

முதலில் பரல்கள் வெள்ளை வெள்ளையாகத் திரும்பின. அப்புறம் ஆரல், தவளை. நண்டுகள் பாறையில் ஏறி, ஏறின இடத்திலேயே நின்றன. முஷி வரவில்லை. அது லேசில் சாகாது. நான் இன்னும் இரண்டு வாளி கொண்டுவந்தேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அந்த மீனாவது மிஞ்சியிருக்கும். எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், அந்த இரண்டாவது நடையில் என் மனதில் என்ன இருந்தது என்று. அளியன் இல்லை. தோற்கக்கூடாது என்பது மட்டும்தான்.

மூன்று வந்தன. வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. சாம்பல் திட்டு, வெள்ளைப் புள்ளி, சின்னத் தலை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. பெரியதைச் சாக்கில் எடுத்தேன். மற்ற இரண்டையும் கரையில் இழுத்துப் போட்டேன்.

நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சாயக்கடைக்குப் போய்ப் பெஞ்சில் அதைக் கொட்டினேன். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து புரட்டிப் பார்த்தார். "உள்ளதுதான்," என்றார். எல்லாரும் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தார்கள்.

அளியனை நானும் அக்காவும் தூக்கி உட்கார வைத்தோம். மீனை முறத்தில் வைத்து மடியில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். விரலால் அதன் வயிற்றைத் தடவியவர், "அறுத்துப் பாரு," என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா எல்லாருக்கும் முன்னால் அறுத்தாள். முட்டை. இரண்டு பக்கமும் நிறைய, பழுப்புப் பச்சை மணிகள், முறத்தில் சரிந்து விழுந்தன. அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாத்தியாரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போனார். மற்றவர்களும் அளியனின் கையைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். "பொறுக்கணும், நாங்க நம்பல்ல," என்றார் சாயக்கடைக்காரர்.

அக்கா தண்ணீர் எடுக்கப் போனாள். அளியன் முறத்தைத் தன் பக்கம் இழுத்து, மீனின் உதட்டைக் கட்டைவிரலால் திருப்பினார். மேல் உதடு, கீழ் உதடு, இரண்டு கடைவாய்.

"முள்ளு எங்க குத்திச்சு?"

அவரே செவுளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே சிவப்பு இல்லை, வழுவழுவென்று வெளுத்த சளி.

"எத்தனை செத்துது?"

"மூணு."

"வேற?"

"எல்லாம்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அக்காகிட்ட சொல்லாத," என்றார். "அவ இன்னைக்கு சந்தோசமா இருக்கா. இதைக் கறி வைக்க விடாத, குழி தோண்டி மூடு." பிறகு கேட்டார், "மத்த ரெண்டுலயும் முட்டை இருந்துதா?"

"பாக்கல்ல."

"போய்ப் பாத்துட்டு வா."

போனேன். கயத்தின் மேல் வெள்ளையாக ஒரு படலம். காக்கைகூட அதைத் தொடவில்லை. கரையில் கிடந்த இரண்டையும் பேனாக்கத்தியால் அறுத்தேன். ஒன்று ஆண். மற்றதில் முட்டை, முதலாவதைவிட அதிகம். பாறையில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு ஓடையின் மேலே, கீழே, வெயில் தாழும்வரை நடந்தேன். எங்காவது ஒரு குழியில் ஒரு குமிழியாவது வராதா என்று. மேலே எல்லாம் மணலும் சருகும்தான். கீழே நான் ஊற்றியது எனக்கு முன்னால் போயிருந்தது.

திரும்பி வந்தபோது அவர் கண்ணைத் திறந்தபடி காத்திருந்தார்.

"மத்ததுல முட்டை இல்ல, ரெண்டும் ஆணு," என்றேன். அவர் முகம் மாறவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மேலும் சொன்னேன். "மேலப் பாறைக்க அடியில ஒரு குழி கிடக்கு, அளியா. அதுல ஒண்ணு துள்ளிச்சு. இதே சாதி. திட்டும் புள்ளியும் உண்டு."

"நீ கண்டியா?"

"கண்டேன். என் கண்ணால கண்டதாக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். சாயக்கடையில் இரண்டு வருடமாக எல்லாரும் அவரைப் பார்த்தார்களே, அதே பார்வை. அவர்கள் சிரித்தார்கள், இவர் சிரிக்கவில்லை.

"சரி மக்கா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு என்னோடு மீனைப் பற்றிப் பேசவே இல்லை.

நாலாம் நாள் போனார். செங்கலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஆள் வந்தார்கள், அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே முற்றத்தில் நின்றார்கள். சாயக்கடைக்காரர்கள் அவர்களுக்கெல்லாம் அந்த மீனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளியன் ஒரு பொய் சொல்லாத ஆள் என்றார்கள். எனக்குக் கையைக் கொடுத்தார்கள். அக்கா அழுகைக்கு நடுவே என் தோளில் சாய்ந்து, "நீ மட்டும் அதைக் கொண்டுவராம இருந்திருந்தா," என்றாள். நான் நீல நகங்களை மடக்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்து நின்றேன். நான் என்ன செய்தேன் என்று தெரிந்த ஒரே ஆள் அதற்குள் கிடந்தார்.