புட்டுக்குப் பக்கத்தில் பற்றரி

போன கிழமை, உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஐஸ் துளைக்கிற மெசின் வாங்கக் கடைக்குப் போனோம். கூட வந்த கணவரின் சிநேகிதர் அன்ரன் அண்ணை பெற்றோல் மெசினைத்தான் காட்டினார்.

"பற்றரி குளிருக்குச் செத்துப்போம் தங்கச்சி. உது விளையாட்டுச் சாமான்."

இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். என்னால் தூக்க முடிந்தது பற்றரி மெசினைத்தான். அதையே வாங்கினேன். அண்ணை பெற்றோலில் ஒன்று வாங்கினார்.

இன்று சிம்கோ ஏரிக்குப் போனோம். ஊரில் சண்டை முடிந்தபின் வந்த முதல் குளிர்காலம். மன்னாரில் கடலுக்குப் போகவிடாமல் நேவி மறித்த நாளிலிருந்து தூண்டிலைத் தொடாத என் மனுசனும் வந்தார்.

அண்ணை தன் பெற்றோல் மெசினின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவருக்கு வேர்த்ததே தவிர மெசின் இயங்கவில்லை.

நான் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். சுடச்சுட இருந்த புட்டுக்குப் பக்கத்தில், குளிர் படாமல் துவாயில் சுற்றி வைத்த பற்றரியை எடுத்து என் மெசினில் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஐஸில் போட்ட ஓட்டையில் தண்ணீர் பொங்கியது.

"மீன் கடிக்குதப்பா!" என்று மனுசன் கத்தியது கரைவரை கேட்டிருக்கும்.

அண்ணை மெல்ல வந்தார். "தங்கச்சி, எனக்கும் ஒரு ஓட்டை போட்டுத் தாறீரோ?"

"ஓம் அண்ணை." மெசினை அவரிடமே நீட்டினேன். "விளையாட்டுச் சாமான், பாத்துப் பிடியுங்கோ."

இடியப்பமும் இவ்வளவு நேரம் சூடு தாங்குமோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.