பால் மில்லை நிறுத்திவிட்டுப் பேசிய போன்

பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தொண்டை கெட்டிருக்கும். அது தப்பியிருந்தால் காது கெட்டிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில், ஊறுகாய் ஜாடி செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தேன். எந்திரத்துக்குப் பக்கத்திலேயே டெலிபோனை வைக்கிற முதலாளியிடம் காலம் தள்ளியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

முதலாளியின் சாதாரணக் குரல்

கல்லையும் மண்ணையும் சேர்த்து அரைக்கிற பெரிய இரும்பு உருளைக்குப் பால் மில் என்று பெயர்; உள்ளே உருளுகிற குண்டுகளுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'பால்' அது. சுவருக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் ஆபீஸ். முதலாளி நடேசன் அந்தச் சத்தத்துக்கு மேலே பேசியே பழகியவர். அவர் நலம் விசாரித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

எங்கள் ஜாடிகளில் பாதிக்கு மேல் வாங்கியவர் மங்கலம்பேட்டையில் கடை வைத்திருந்த ரஹீம் பாய். ஒரு தடவை சரக்கு தாமதமாகி, பாய் போன் செய்தார். முதலாளி சமாதானம்தான் சொன்னார். ஆனால் அவருடைய குரலில் சொன்னார். மறுநாள் நான் நேரில் போனபோது பாய் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர் வாங்காவிட்டால் அடுத்த சூளையைப் பற்றவைக்க முடியாது. எங்கள் எல்லோருக்கும் வேலை இல்லை.

"கடையில நின்ன ஜனம் பூரா கேட்டுச்சு. திருடனை அதட்டுற மாதிரி அதட்டுறாரு உங்க மொதலாளி. இனிமே உங்க ஜாடி நமக்கு வேணாங்க."

தட்டிப் பார்க்கும் அறை

கம்பெனியின் கடைசியில் ஓர் அறை. வெந்து வந்த ஜாடிகளைப் பெண்கள் விரல் கணுவால் தட்டிக் கேட்பார்கள். நல்ல ஜாடி மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று அடங்கிவிடும். அந்த ஒலி காதில் விழ வேண்டும் என்பதால் அங்கே எல்லோரும் தணிந்த குரலில், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் பேசுவார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பு ஸ்டெல்லா. பேச்சில் அவசரம் கிடையாது. வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்துவார். எதிரில் இருப்பவர் யோசிக்க இடம் கிடைக்கும்.

பாயின் சரக்கு தாமதமானதே சூளைக்கார ஆறுமுகத்தால்தான். சூளை ஆறுவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். ஜாடிகள் விரிசல் விட்டன. பழி தன்மேல் விழுந்ததும் சண்டைக்குத் தயாராகத்தான் அந்த அறைக்கு வந்தார். ஸ்டெல்லா ஒரு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி, "நீங்களே தட்டிப் பாருங்கண்ணே" என்றார். அவ்வளவுதான். ஆறுமுகம் தட்டினார், கேட்டார், தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அது மெதுவா பேசுது, கேக்கணும்னா கிட்ட போவணும். கிட்ட போனப்புறம் எங்கங்க சண்ட போடுறது?"

மில் நின்றது

பாயிடம் பேசுங்கள் என்று நான் ஸ்டெல்லாவைத்தான் கேட்டேன். "மில்லு ஓடுனா நானும் மொதலாளி மாதிரிதான் கத்தணும். பரவாயில்லையா?" என்று சிரித்தார். முதலாளி முறைத்தார். பிறகு அவரே போய் மில்லை நிறுத்தினார். பகலில் அந்த ஆபீஸில் மின்விசிறிச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

ஸ்டெல்லா போன் போட்டு, பாயை முதலில் முழுக்கப் பேசவிட்டார். அப்புறம், "தாமதம் எங்க தப்புதாங்க பாய்" என்றார். நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை சரக்கு வந்துடும். வராதுன்னு தெரிஞ்சா முன்னாடியே நானே சொல்லிடுவேன்." குரலில் கெஞ்சலும் இல்லை, முறுக்கும் இல்லை. நானும் அதே வார்த்தைகளைத்தான் கடையில் சொல்லியிருந்தேன். நான் சொன்னபோது அவை வெறும் சாக்காகத்தான் இருந்தன. மறுமுனையில் பாய் குரல் இறங்கியது.

"நீ சொல்றது சரிம்மா. மரியாதையா பேசுற. ஆனா அதட்டுனது உங்க மொதலாளி, அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும்."

யாருங்க அது?

முதலாளி ரிசீவரை வாங்கினார். மில் ஓடாதபோதும் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்து மார்பை நிமிர்த்தினார். ஸ்டெல்லா உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அசைத்தார். முதலாளி மூச்சை விட்டார். "பாய், மனசுல வச்சுக்காதீங்க. உங்கள அதட்டணும்னு பேசல. நீங்க வேணாம்னா எனக்குச் சூளையே இல்லீங்க." கரகரப்பான, மிருதுவான குரல். அந்த மனிதருக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

பாய்க்கும் தெரியவில்லை. "யாருங்க அது? மொதலாளிகிட்ட குடுங்கன்னுதான சொன்னேன்!" என்பது எங்களுக்கே கேட்டது. நடேசன் என்று இரண்டு முறை மெதுவாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. ஆள் வைத்துப் பேசுகிறார்கள் என்று மறுபடி கோபம் ஏறியது. முதலாளி பரிதாபமாக ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா தலையாட்டி அனுமதி கொடுத்தார்.

"நான்தாங்க பாய்!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாய் சிரிக்கும் சத்தம் ரிசீவரைத் தாண்டி வந்தது.

"ஆங், இதுதான் நம்ம நடேசன்! சரி, வெள்ளிக்கிழமை அனுப்புங்க. போனை மட்டும் அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடுங்க."

மெதுவாகப் பேசினால் காரியம் நடக்கும் என்பது உண்மைதான். என்ன, பேசுவது நாம்தான் என்று எதிராளி நம்புகிற அளவுக்காவது அதில் பழக்கம் வேண்டும்.